கரைவலைக் கயிறும் சங்கீதக் கதிரையும்

(மட்டக்களப்பில் ஓர் உத்தியோகத்தர் ஒன்றுகூடலில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் பேச விட்டிருக்கிறார்கள், ஆகவே நீட்ட மாட்டேன்.

முன்பு நான் வேலை செய்த கந்தோரில் எங்களைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனார்கள். பஸ்ஸின் முன்கண்ணாடியில் ‘டீம் பில்டிங்’ என்று ஒட்டியிருந்தது. முதல் விளையாட்டு சங்கீதக் கதிரை. சுற்றுக்கு ஒருவரை வெளியே தள்ளுகிற விளையாட்டு! நான் இரண்டாம் சுற்றிலேயே அவுட். எனக்கு முன்பே அவுட்டான கணக்குப் பகுதிக்காரர் மர நிழலில் போனோடு இருந்தார். கடைசியில் இரண்டு பேர் ஒரு கதிரைக்கு இடிபட, மற்ற எல்லோரும் சாப்பாட்டுப் பார்சல் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கயிறிழுத்தல். இதில் எல்லோரும் சேர்ந்துதானே இழுக்கிறோம் என்று தோன்றும். ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் இதை அளந்தே பார்த்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒருவருக்கு விழுந்த பங்கு அவர் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதிதான்.

மிச்சப் பலம் எங்கே போனது? கொஞ்சம், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் போனது. கொஞ்சம், ‘பின்னால் ஆள் இருக்குத்தானே’ என்ற நினைப்பில் போனது. 1974இல் அமெரிக்காவில் ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாகச் சொல்லிச் சோதித்தார்கள். உண்மையில் இழுத்தது அந்த ஒருவர் மட்டும். அந்த நினைப்புக்கே கை தளர்ந்துவிட்டது.

முதலாவதுக்கு நம் கடற்கரையிலேயே மருந்து இருக்கிறது. கரையில் நின்று வலைக் கயிற்றை இழுக்கும் கரைவலைக்காரர், அம்பா என்ற இழுவைப் பாட்டைப் பாடுவது களைப்புத் தெரியாமல் இருக்க மட்டுமல்ல. பாட்டின் அடி விழும் இடத்தில்தான் எல்லாக் காலும் மணலில் ஊன்றும்.

இரண்டாவதுக்குக் கொம்புமுறியைப் பாருங்கள். கண்ணகி வழிபாட்டோடு வந்த விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு மரக் கொம்புகளை இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள், பாட்டிலே வசையும் வாங்குவார்கள். மரம் பார்த்து வெட்டுகிறவர், கட்டுகிறவர், இழுக்கிறவர், பாடுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. கட்டுப் பிழைத்தால் யார் கட்டியது என்று ஊருக்கே தெரியும்.

கந்தோரில் கொம்பு முறிக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நான் செய்துபார்த்தது சின்ன விஷயம். நாலு பேருக்கு இருபது ஈர்க்கு, ஒரு பந்து நூல், ஒரு தேசிக்காய். பதினெட்டு நிமிடத்தில் கோபுரம் நிற்க வேண்டும், உச்சியில் தேசிக்காய் இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஸ்பகெட்டியில் செய்வார்கள், நமக்கு ஈர்க்கு சும்மா கிடைக்கும். ஒரு குழுவில் முகாமையாளர் பதினைந்து நிமிடம் படம் கீறினார். தேசிக்காயை வைத்ததும் கோபுரம் தலை குனிந்துவிட்டது. பக்கத்துக் குழுவில் சாரதி, மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, முதல் நிமிடத்திலேயே தேசிக்காயைத் தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு ஈர்க்குகளை இரண்டிரண்டாக, ஒன்றின் அடியும் மற்றதன் நுனியும் சேரும்படி மாற்றி வைத்து வலைமுடிச்சுப் போட்டார். கணக்காளர் நூலை இழுத்துப் பிடித்தார். அது நின்றது.

சரி, அந்த மூலையில் ஈர்க்குக் கட்டு இருக்கிறது. நாலு நாலு பேராகப் பிரியுங்கள், ஒரே பகுதிக்காரர் சேர வேண்டாம். முகாமையாளர்மார் நூல் மட்டும் பிடிக்கலாம்.