பள்ளி நூலகத்தில் இப்போது யாருக்கு என்ன வேலை?

[காட்சி: ஒரு புத்தகத்தின் முதுகு. அதில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் ஓர் எண்.]

894.811. என்ன எண் இது? புத்தகங்களை எண் போட்டு வகைப்படுத்த நூலகங்களில் பரவலாகப் பயன்படும் டியூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்குக் கொடுத்த வீட்டு எண். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம், விசாலமான பங்களா. நமக்குப் புள்ளி வைத்து, அதற்கப்புறம் மூன்று இலக்கம். 1876-ல் அமெரிக்காவில் போட்ட கணக்கு. அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்த நமக்கு அதிலொன்றும் வருத்தமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வழி காட்ட ஒருவர் வேண்டும். இந்த வீடியோ அவரைப் பற்றியது, சிங்கப்பூரின் பள்ளி நூலகரைப் பற்றியது.

[காட்சி: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. சிறிய பூட்டு.]

நான் தொடக்கநிலையில் படித்தபோது எங்கள் பள்ளியில் தமிழ்ப் புத்தகங்கள் இப்படித்தான் இருந்தன. அட்டை தெரியும், புத்தகம் கைக்கு வராது. சாவி தமிழாசிரியரின் கைப்பையில் இருக்கும். அவர் விடுப்பு எடுத்தால் புத்தகங்களுக்கும் விடுப்பு. நான் நூலக மாணவியாக இருந்தவள், எனக்கே அந்தச் சாவி கிடைத்ததில்லை. என் வேலை தேதி முத்திரை குத்துவது. மை காய்ந்துபோனால் முத்திரையின் மேல் ஊதிவிட்டு இன்னொரு தடவை குத்துவேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரிசையாகத் தேதிகள் விழுந்திருக்கும். தமிழ்ப் புத்தகங்களில் அந்தத் தாள் வெள்ளையாகவே இருக்கும்.

காவல் காப்பது, கணக்கு வைப்பது, சத்தம் போட்டால் 'உஷ்' என்பது. அன்றைய நூலக வேலை இவ்வளவுதான்.

[காட்சி: சிங்கப்பூரின் பழைய வரைபடம், பிராஸ் பசா பகுதி.]

கொஞ்சம் பின்னால் போவோம். இன்று விக்டோரியா ஸ்திரீட்டில் 16 மாடியுடன் நிற்கும் தேசிய நூலகம், தன் வரலாற்றை 1837-ல் ஒரு பள்ளியில் தொடங்கிய சின்ன நூலகத்திலிருந்துதான் சொல்கிறது. அதாவது இந்த ஊரில் நூலகம் என்ற எண்ணமே வகுப்பறைக்குப் பக்கத்தில் பிறந்தது. பிறகு பெரிய நூலகம் தனியாக வளர்ந்தது, பள்ளி நூலகம் பள்ளிக்குள்ளேயே நின்றுவிட்டது. 1998-ல் புக்கிட் பாத்தோக் பொது நூலகம், புத்தகத்துக்குள் வானலைச் சில்லு வைத்து, இரவல் வாங்குவதையும் திருப்புவதையும் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. முத்திரை குத்தும் என் வேலை அன்றே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில் பெயரும் மாறியது. 'எம்ஆர்எல்' ஞாபகம் இருக்கிறதா? மீடியா ரிசோர்ஸ் லைப்ரரி. புத்தகத்தோடு கேசட், குறுந்தட்டு, கணினி எல்லாம் உள்ளே வந்த காலம். அப்புறம் கணினியும் நூலகத்தை விட்டு வெளியே போனது. 2021 முடிவதற்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் கிடைக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு திட்டமிட்டுச் செய்து முடித்தது.

சரி, தகவல் பையிலேயே இருக்கிறது. நூலகர் எதற்கு?

[காட்சி: சங்கிலியால் மேசையோடு பிணைத்த பழங்காலப் புத்தகம்.]

இந்தக் கேள்விக்கு நம்மவர் ஒருவர் 1931-லேயே பதில் எழுதிவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த புதிதில் வேலை சலித்துப்போய், பழைய வேலைக்கே போகிறேன் என்றாராம். பிறகு லண்டனுக்குப் போய்ப் படித்துத் திரும்பியவர், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதி: நூல்கள் பயன்படுத்துவதற்கே. படிக்கும்போது அது ஒரு விதியா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தால் தோன்றாது. எங்கள் பள்ளியின் அந்தப் பூட்டும் என்னைப் பொறுத்தவரை அதே சங்கிலிதான்.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் இன்றைக்கு நமக்கு வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்தச் சம்பந்தம் பேசும் வேலையை இயந்திரம் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

[காட்சி: மாணவி ஒருத்தி கணினி முன்னால்.]

ஓர் எடுத்துக்காட்டு. மாணவிக்கு ஒப்படைப்பு, தலைப்பு 'சிங்கப்பூரின் பழைய தமிழ்ச் செய்தித்தாள்கள்'. செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் அரை நிமிடத்தில் பத்து வரி வரும். சரளமாக இருக்கும், சரியா தவறா என்று அந்தப் பத்து வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. விவரம் தெரிந்த நூலகர் பக்கத்தில் இருந்தால், தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தைத் திறந்து காட்டுவார். 1887-ல் தொடங்கிய 'சிங்கை நேச'னின் பக்கமே திரையில் வரும். 'லை' எழுத்து யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருக்கும். மாணவி முதலில் சிரிப்பாள், பிறகு எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பத்து வரியை நம்புவதற்கும் மூலத்தைக் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரியும்.

இதைச் சொல்லிக்கொடுக்கவே வாரியம் 2013-ல் 'ஷூர்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. தகவல் எங்கிருந்து வந்தது, எப்படிச் சரிபார்ப்பது என்று பழக்குவது அதன் நோக்கம்.

ஆனால் பள்ளிக்குள் இதையெல்லாம் செய்யப்போவது யார்? பல பள்ளிகளில் நூலகத்துக்குப் பொறுப்பு ஓர் ஆசிரியர். பாடம், திருத்தல், பெற்றோர் சந்திப்பு எல்லாம் போக மிஞ்சிய நேரம்தான் நூலகத்துக்கு. முகப்பில் ஓர் ஊழியர் இருப்பார், கூடவே பெற்றோர் தொண்டூழியர்கள். வாசிப்பில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான்: பல நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிடும் பிர்ல்ஸ் 2021 ஆய்வில் சிங்கப்பூர் 587 புள்ளியுடன் முதலிடம். அந்தத் தேர்வை நம் பிள்ளைகள் எழுதியது ஆங்கிலத்தில். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் குறையக் குறைய, தமிழ்ப் புத்தகம் பிள்ளையின் கண்ணில் படும் இடம் பள்ளி ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. அதனால்தான் முழுநேர நூலகர் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

[காட்சி: தமிழ் அலமாரி. பூட்டு இல்லை. மஞ்சள் ஒட்டுத்தாள்கள்.]

நான் தொண்டூழியம் செய்யும் தொடக்கப்பள்ளியின் நூலக ஊழியர் ஒரு மலாய்ப் பெண்மணி. பிள்ளைகளுக்கு அவர் 'ஆன்டி'. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தமிழ் அலமாரியை அவர் என்னிடம் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன்.

விடவில்லை. தமிழ்ப் புத்தகத்தைத் திருப்ப வரும் பிள்ளையைச் சும்மா அனுப்ப மாட்டார். "எனக்குப் படிக்கத் தெரியாதே, உள்ளே என்ன கதை? நீ சொல்லு" என்பார். பிள்ளை ஆங்கிலத்திலும் கையிலும் காலிலும் சொல்லும். முடிந்ததும் ஓர் ஒட்டுத்தாளை நீட்டுவார்: "இதையே தமிழில் எழுதி ஒட்டு, அடுத்தவர் பார்க்கட்டும்." எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவது என் வேலை என்றார். இரண்டு வாரம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

போன வாரம் தொடக்கநிலை நான்கு மாணவன் ஒருவன் அலமாரி முன்னால் நின்றான். "எழுத்து ஜாஸ்தியா இருக்கு ஆன்டி" என்று முனகியபடியே ஒட்டுத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தான். கடைசியில் ஒரு புத்தகத்தை இழுத்தான். அதன் அட்டையில் யாரோ எழுதியிருந்தது: "பேய் வரும். ஆனா நல்ல பேய்."

[காட்சி: அந்த ஒட்டுத்தாள், அண்மையில்.]