தெரு மரமும் தமிழ்ப் பலகையும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் நடந்த மர வார விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வருகை தந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, வண்ணப் பெட்டிகளோடு காலை முதல் காத்திருக்கும் குழந்தைகளே, வணக்கம். மாதர் குழுவினரை மறந்தால் தேநீர் கிடைக்காது என்பதால் அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

"ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்கு உறுதி" என்று எந்த மேடை கிடைத்தாலும் சொல்பவன் நான். இன்று மரத்தின் மேடை என்பதால் உரிமையோடு சொல்கிறேன். நிழல், ஓவியம், சட்டம் என்னும் மூன்றைப் பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். 1960களில், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்ற குழுப் பகுதிச் சட்டத்தின்பேரில், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்தவர், வீட்டு வாசலில் ஒரு மாங்கொட்டையை ஊன்றினார். மரம் வளர்ந்து, வேர் நடைபாதையைத் தூக்க, ஒரு நாள் ரம்பத்தோடு ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஆயா பதறவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் மஞ்சள் துணியும் குங்குமமும் கொண்டுவந்து, அடிமரத்தில் துணியைச் சுற்றி மூன்று பொட்டு வைத்தார். வந்தவர்களில் மூத்தவரான சுலு அன்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சாமி இருக்கும் மரத்தில் நான் கைவைக்க மாட்டேன் என்று எல்லோரையும் திருப்பி அழைத்துப் போய்விட்டார். "அம்மன் எப்போது ஆயா மரத்துக்கு வந்தாள்?" என்று கேட்டேன். "லாரிச் சத்தம் கேட்டபோதுதான்டா" என்றார்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். குழந்தைகள் மரத்தைச் சுற்றிக் கோலம் போடட்டும், இலையைத் தாளில் ஒற்றி எடுக்கட்டும். ஆனால் பட்டைமேல் எண்ணெய்ச் சாயம் பூச வேண்டாம். பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாகவும் மரம் மூச்சுவிடுகிறது. மரத்தின் பெயர்ப் பலகையை ஆணி அடித்தும் மாட்டாதீர்கள். காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அதில் கட்டுங்கள்.

அந்தப் பலகையில் என்ன எழுதப் போகிறோம்? என் கவலையெல்லாம் அதுதான். நம் நாவலுக்கு உறவான உம்டோனியும், வாகையின் இனமான பிளாட்கிரவுனும் இம்மண்ணின் மரங்கள். அவற்றுக்குச் சுலுப் பெயரும் ஆங்கிலப் பெயரும் எழுதும்போது தமிழிலும் ஒரு வரி வேண்டும். சட்டம் என்றேனே, நம் தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் வேப்ப மரத்தடியில் நின்று அதன் பெயரைப் படிக்கத் தெரியாமல் விழித்தால் ஆலும் வேலும் மட்டும் என்ன செய்யும்? நாலும் இரண்டும் வேண்டாமா?

ஆகவே உறுப்பினர் அவர்களிடம் என் விண்ணப்பம்: பலகைகளுக்கு அனுமதி தாருங்கள், எழுத்தை எங்களிடம் விடுங்கள். வரும் சனிக்கிழமை முதல் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும், கட்டணம் இல்லை. முதல் பாடமாகக் குழந்தைகள் தங்கள் தெரு மரத்தின் பெயரை எழுதுவார்கள். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் தேநீருக்குப் போகும் வழியில் செயலாளரைப் பாருங்கள், அவர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார்.