மொட்டைக் கேள்வியும் முழுக் கேள்வியும்

(விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளமான லினக்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பெங்களூருத் தமிழர்களுக்காக, அல்சூர் ஏரிப் பக்கத்துச் சிறு அரங்கொன்றில் ஆற்றிய உரை)

வணக்கம்.

"லினக்ஸ் போட்டேன், வைஃபை வரவில்லை, யாராவது உதவுங்கள்." இணையத்தில் எந்த லினக்ஸ் குழுவைத் திறந்தாலும் இப்படி ஒரு கேள்வி அநாதையாகக் கிடக்கும். கேட்டவர் பதில் வரவில்லையே என்று நொந்துகொள்வார். படித்தவரோ எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நகர்ந்து போயிருப்பார். மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான் என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். எந்தத் தாதன், எந்தக் குட்டை, தண்ணீர் இருந்ததா இல்லையா, ஒன்றுமே தெரியாது. அந்தக் கேள்வியும் அப்படித்தான். எந்த லேப்டாப், எந்த லினக்ஸ், வைஃபை என்ற பெயரே திரையில் இல்லையா, பெயர் இருந்தும் இணைய மறுக்கிறதா, நேற்று வரை வந்து இன்று நின்றதா?

பதில் சொல்பவர் காஞ்சிபுரத்தில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம். உங்கள் இயந்திரம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இயந்திரம் சொன்னதை அது சொன்ன சொல்லிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உங்கள் யூகத்தைக் கொடுத்தால் போதாது. இன்று நான் பேசப்போவது இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

இந்த அவையில் இவ்வளவு புதுமுகங்கள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல் இருக்க வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் வாங்கிய பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22க்கோ 2 ஜிபி ரேம் இருந்தாலே போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. ஆகவே பழைய வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. பழைய வண்டி என்றாலே பழைய வைஃபை கார்டு. நம் தாதன் முதலில் விழும் குட்டை அதுதான்.

அதையே எடுத்துக்கொள்வோம். கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ என்று சின்ன எழுத்தில் அடியுங்கள். ஒரு இடைவெளி விடுங்கள். ஒரு சிறு கோடு, அதை ஒட்டி என்-என்-கே. என்டர். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டுகள் வரிசையாக வந்து விழும். அதில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று உள்ள வரியைப் பாருங்கள். அந்த வரியில் சதுர அடைப்புக்குள் எண்கள் இரண்டு இடங்களில் வரும். முதலில் வரும் 0280 கார்டின் எண் அல்ல, "இது ஒரு நெட்வொர்க் கருவி" என்று சொல்லும் வகை எண். புதியவர்கள் பலர் அதை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு வேண்டியது வரியின் கடைசிப் பக்கம் வருவது. நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து. முதல் நான்கு கம்பெனியைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம். அடுத்த நான்கு எந்த மாடல் என்று சொல்லும். 14ஈ4:4365 என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும், விவரம் தெரிந்தவர் "அட, பிசிஎம்43142" என்று அடுத்த நொடியே பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். லேப்டாப் பெயரை மட்டும் சொன்னால் இது நடக்காது. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை வைஃபை கார்டு போட்டு விற்பது சகஜம்.

அதே இடத்தில் இரண்டு வரி கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி வரும். வராமலும் போகலாம். வராவிட்டால் கார்டுக்கு டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கிடைக்கவில்லை என்று பொருள். வந்திருந்தும் வைஃபை இல்லையென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அப்போது ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை. "சாஃப்ட் பிளாக்ட்: எஸ்" என்றால் மென்பொருள் தடுத்திருக்கிறது, ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் திறந்துகொள்ளும். "ஹார்ட் பிளாக்ட்: எஸ்" என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் சுவிட்சையோ, விமானம் போட்ட பட்டனையோ தேடுங்கள்.

டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலுக்கு உங்கள் ஃபோனே மருந்து. யுஎஸ்பி ஒயரில் இணைத்து டெதரிங்கை (ஃபோனின் இணையத்தைப் பகிரும் வசதி) ஆன் செய்தால், பெரும்பாலும் எந்த டிரைவரும் கேட்காமல் லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும். பிறகு கூடுதல் டிரைவர்கள் பகுதியில் போய் பிராட்காம் டிரைவரை நிறுவலாம். இங்கேதான் பலர் இடறுவார்கள். நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் நிறுவும்போதே ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். மறுபடி பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும், அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே நிற்கும். காபி எடுக்கப் போனால் போச்சு. டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதைச் சேர்க்காது. பதிவேடான லாகில் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று இருக்கும். கேள்வியில் இந்த ஒரு வரி மட்டும் இருந்தால் பத்து பேர் பத்து டிரைவர் பெயர் சொல்லி உங்களை அலைக்கழிக்க மாட்டார்கள்.

திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரம் பூட் ஆகவே இல்லை என்றால் படம்தான் வழி, தப்பில்லை. ஆகிறதென்றால் எழுத்தாகவே அனுப்புங்கள். படத்திலிருந்து ஒரு வரியை எடுத்துத் தேடுவது எளிதல்ல. டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து சி அழுத்த வேண்டும். ஷிஃப்டை விட்டுவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை அங்கேயே நின்றுபோகும். அப்டேட் ஓடும்போது இதைச் செய்துவிட்டு "பாதியில் நின்றுவிட்டது" என்று புதுக் கேள்வி போடுகிறவர்களும் உண்டு. நேற்று இரவு உறைந்துபோய், பவர் பட்டனை அழுத்தி அணைத்தீர்களா? ஜர்னல்சிடிஎல், இடைவெளி, சிறு கோடு பி, இடைவெளி, சிறு கோடு 1. போன முறை பூட் ஆனதிலிருந்து அணைந்தது வரை பதிவானது வரும். கடைசி 50 வரி போதும். முழுவதையும் கொட்டாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள்.

எண்களைத் துல்லியமாகச் சொல்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டுக்கே உரிய உதாரணம் ஒன்று. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருக்கின்றன. "விண்டோஸில் நேரம் தப்பாகக் காட்டுகிறது" என்பது மொட்டைக் கேள்வி. "லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சரியாக 5 மணி 30 நிமிடம் பின்னால் காட்டுகிறது" என்று எழுதிப் பாருங்கள். அந்த ஐந்தரை மணி நேரம்தான் இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பிவிடுகிறது. டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒரு வரி அடித்தால் லினக்ஸ் விண்டோஸின் வழிக்கு வந்துவிடும். லினக்ஸ் இதற்கு முகம் சுளித்து ஒரு எச்சரிக்கை காட்டும், பொறுத்துக்கொள்ளலாம். பெங்களூரில்தான் இருக்கிறோம், அட்ஜஸ்ட் செய்யத் தெரியாதா? மாறாக, ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டபின்பும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றால் அது மென்பொருள் சங்கதியே இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. இரண்டுமே "நேரம் தப்பு" என்ற அதே புகார்தான். ஒன்றுக்கு ஒரு கட்டளை, மற்றதற்கு ஸ்க்ரூ டிரைவர்.

இன்னொரு பழக்கம். நடக்க வேண்டியதைக் கேட்காமல், தான் கண்டுபிடித்த வழியைப் பற்றி மட்டும் கேட்பது. "டி டிரைவ் ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுப்பது எப்படி?" என்று ஒருவர் கேட்கிறார். 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். உண்மையில் அவருக்கு விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை. காரணம் அனுமதியே அல்ல. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருப்பதால் அது முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. டிரைவ் கெட்டுவிடக் கூடாது என்று லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து ஷட்டவுன் செய்தால் தீர்ந்தது. கேட்ட கேள்விக்கே யாரோ நேர்மையாகப் பதில் சொல்லி, அவரும் வேகத்தில் ஒரு சாய்கோட்டைத் தப்பான இடத்தில் போட்டு, மொத்த சிஸ்டத்துக்கும் 777 கொடுத்துவிட்டால்? நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோ நிரலுக்குத் தனியாக ஒரு சிறப்பு அனுமதி உண்டு, 777 அதை அழித்துவிடும். அதன்பிறகு சூடோ வேலை செய்யாது. சூடோ இல்லாமல் சூடோவைச் சரிசெய்வது, வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. யுஎஸ்பியில் பூட் செய்ய வேண்டும், அநேகமாக மறுபடி நிறுவ வேண்டும்.

ஆகவே யாரோ தந்த கட்டளையை அடிக்கும் முன் மேன் என்று அடித்து, பக்கத்தில் அந்தக் கட்டளையின் பெயரைப் போட்டு, வரும் கையேட்டை இரண்டு நிமிடம் படியுங்கள். பதிலின் தேதியையும் பாருங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய 16.04 காலத்துப் பதில் தேடலில் இன்றும் முதலிடத்தில் வரும். எழுதியவர் தப்பாக எழுதவில்லை, அன்று அது சரி. "டிபிகேஜி லாக் கிடைக்கவில்லை" (பேக்கேஜ் எனப்படும் நிரல் பொதிகளை நிறுவும் கருவியின் பூட்டு கிடைக்கவில்லை) என்ற பிழைக்கு லாக் கோப்பையே அழிக்கச் சொல்லும் பதில்களும் அப்படி உலவுகின்றன. செய்யாதீர்கள். லேப்டாப்பைத் திறந்தவுடன் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும், பூட்டைப் பிடித்திருப்பது அதுதான். பத்து நிமிடம் பொறுத்தால் தானே விடும். பூட்டை உடைத்து, அதுவும் நீங்களும் ஒரே நேரத்தில் எழுதினால் பேக்கேஜ் பட்டியலே குழம்பிப்போகும்.

விவரத்தைக் கொடுங்கள் என்றேன், எல்லாவற்றையும் அல்ல. வைஃபை பாஸ்வேர்ட் இருக்கும் கோப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ-என்-எக்ஸ்-ஐ என்ற கட்டளையோடு சிறு கோடு, பெரிய எஃப், சின்ன எக்ஸ், சின்ன இசட் போடுங்கள். லேப்டாப் மாடல், கர்னல், டெஸ்க்டாப், கார்டுகள் எல்லாம் ஒரே மூச்சில் வரும். அந்த இசட் சீரியல் எண்ணையும் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியையும் மறைத்துவிடும்.

1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஒரு மாணவர் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கான செய்திக்குழுவில் ஒரு செய்தி போட்டார். 386 வகை இயந்திரங்களுக்கு ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், அதில் பேஷ் 1.08, ஜிசிசி 1.40 என்ற நிரல்களை ஓட வைத்திருக்கிறேன், ஏடி ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதிலும் ஓடாது, என்னிடம் இருப்பது அதுதான், உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டார். அவர்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் வெளியுலகுக்கு அறிமுகமானதே வெர்ஷன் எண்களோடு எழுதிய ஒரு முழுக் கேள்வியில்தான் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

தமிழில் கேட்கலாமா என்றால், தாராளமாக. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றில் தமிழிலேயே பதில் கிடைக்கும். ஆனால் பிழைச்செய்தியை மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்தில் உள்ளபடியே ஒட்டுங்கள், மற்றதைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் பின்னால் வருபவர் தேடலில் அது சிக்காது. உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜை நிறுவி, லாக் அவுட் செய்து திரும்ப வந்தால், கீபோர்டு அமைப்பில் தமிழ் வகைகள் பல தெரியும். பெயரில் எம்17என் என்று உள்ள தமிழ்99 கீபோர்டு அமைப்பை எடுங்கள். கவனியுங்கள், அதே பெயர்ச் சாயலில் இன்னொன்றும் இருக்கும். அதில் க வை இரண்டு முறை தட்டினால் க்க என்று புள்ளி தானாக விழாது.

கடைசியாக, சரியான பிறகு செய்ய வேண்டியது. "தேங்க்ஸ், சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். எது சரிசெய்தது என்று சொல்லுங்கள். "கார்டு 14ஈ4:4365, மின்ட் 22, செக்யூர் பூட் ஆன். முதல் முறை நீலத் திரையைத் தவறவிட்டேன். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவி, எம்ஓகே பதிந்தேன், வைஃபை வந்தது." மூன்று வரிதான். அடுத்த மாதம் எஸ்.பி. ரோட்டில் அதே லேப்டாப்பை வாங்கப்போகிறவர் தேடுவது இந்த மூன்று வரியைத்தான்.

இப்போது லேப்டாப் கொண்டுவந்தவர்கள் திறவுங்கள். டெர்மினலில் அந்த முதல் கட்டளை, எல்-எஸ்-பி-சி-ஐ. வைஃபை வராதவர்கள் இடப்பக்கம் வாருங்கள்.