பதினேழாம் நாளிலிருந்து

தாய்மார்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

ஒரு வீட்டில் எழவு விழுந்தால் என்ன செய்வதென்று தருமபுரிப் பக்கத்து ஊர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட ஆள் வரும், பக்கத்து வீட்டில் உலை கொதிக்கும். பதினாறாம் நாள் காரியம் முடியும். மறுநாள் வாடகை நாற்காலிகள் வண்டியேறிவிடும். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இழப்பு உறைக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான்.

தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு நிற்கிறவனிடம், "அழாதடா, இனிமே நீதான் இந்த வீட்டு ஆம்பள" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். அவனோ அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிறான். அம்மா முன்னால் அழுவதை விடுகிறான். பத்தாவதோடு படிப்பையும் விட்டு ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ கிளம்புகிறான். பெண்பிள்ளை என்றால் அடுப்படி, பிறகு கல்யாணப் பேச்சு. "வீட்டை நாங்க பார்த்துக்கறோம், நீ பள்ளிக்கூடம் போ" என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்தும் கொள்ளுங்கள்.

இந்த வயதில் துக்கம் அழுகையாக மட்டும் வராது. காலையில் வயிற்றுவலி, எரிச்சல், விடிய விடிய செல்போன் என்றும் வரும். சாயங்காலம் கிரிக்கெட் ஆடிச் சிரித்தவன் ராத்திரி சுவரைக் குத்துவான், இரண்டும் உண்மைதான். "அப்பன் செத்து மாசம் ஆகல, சிரிப்பப் பாரு" என்று திண்ணையில் ஒருவர் சொன்னால் போதும், அவன் வெளியே வருவதே நின்றுவிடும். சாவுக்குக் காரணம் எதுவானாலும் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் டீக்கடையில் தெரிந்துகொள்வான். அதற்குமேல் நம்மை நம்பமாட்டான்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரியும் அப்போது இதற்குள்தான். கடன் தவணைக்கு உட்காருகிற அந்தக் கூட்டமே இந்தப் பிள்ளையைக் கவனிக்கவும் போதும். பிள்ளைக்கு ஒரு பெரியவரை முடிவு செய்யுங்கள்: மாமா, அத்தை, டியூஷன் அக்கா, யாரானாலும் பிள்ளையே கைகாட்டுகிற ஆள். வாரம் ஒருநாள், அதே கிழமை, அரைமணி நேரம், ஒரு வருஷத்துக்கு. எதிரே உட்கார்ந்து துருவாதீர்கள். மாமரத்துக்குத் தண்ணீர் கட்டும்போதும் வண்டி கழுவும்போதும் பேச்சு தானாக வரும். மூன்று வாரம் வந்து நின்றுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. வராமலேயே இருந்ததைவிட அது மோசம். பிள்ளைக்கு அது இன்னொரு இழப்பு. அதனால் மாற்றாளும் ஒருவர் வேண்டும். கூட்டத்தில் "இந்த வாரம் யார் போனது?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொன்னதை அங்கே அவிழ்க்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: திரும்பி வரும் நாளில் வகுப்பில் எழுப்பி நிறுத்தி அனுதாபம் சொல்ல வேண்டாம். முதல் பொங்கல், தேர்வு முடிவு நாள், திதி என்று இழப்பு மறுபடி உறைக்கிற நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

பணமும் துக்கத்தில் பாதி. சம்பாதிக்கிற தாயோ தகப்பனோ விபத்தில் இறந்தால், அரசு, உதவிபெறும் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போகும். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆறு மாதம் தாண்டியும் சாப்பாடு, படிப்பு, நண்பர்களோடு பழகுவது எதுவும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அப்பாகிட்டயே போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் ஆறு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098; இரண்டு எண்ணிலும் 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. தோட்டத்துப் பூச்சிமருந்து அன்றைக்கே வேறு வீட்டுக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். பூட்டி வைத்தால் போதாது; சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.