சிமிழுக்குள் உறையும் மெழுகு

நேயர்களுக்கு வணக்கம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெய் ஒரேயடியாகக் கட்டியாவதில்லை. முதலில் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்து, பிறகே இறுகும். பல கொழுப்புகளின் கலவைக்கு ஒரே உறைநிலை இருப்பதில்லை. நம் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பிரித்தெடுக்கும் பாரஃபின் மெழுகும், வெவ்வேறு நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் கலந்தது என்பதால், இதே வழியில்தான் உறைகிறது.

சுவர்ப்பூச்சு போன்றவற்றில் கலப்பதற்காக, அத்தகைய மெழுகைச் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவேயுள்ள சிமிழ்களில் அடைக்கிறார்கள். சிமிழின் ஓடு பெரும்பாலும் மெலமைன் தட்டு செய்யும் பிசின் வகையைச் சேர்ந்தது. உருகும்போது வெப்பத்தை வாங்கி, உறையும்போது திருப்பித் தருவதே உள்ளிருக்கும் மெழுகின் வேலை. இவ்வகைச் சங்கிலிகளில் பதினெட்டுக் கார்பன் கொண்ட ஆக்டாடெக்கேன் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸில் உருகி, ஒரு கிராமுக்குச் சுமார் 240 ஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது.

சிக்கல் உறைவதில்தான் தொடங்குகிறது. புட்டியில் எங்கோ கிடக்கும் ஒரு தூசியைப் பற்றிப் படிகம் பிறந்துவிட்டால், அதுவே முழுவதும் பரவிவிடும். கோடிக்கணக்கான சிமிழ்களாகப் பிரித்த பின்னரோ, தூசி சிலவற்றில் மட்டுமே அகப்பட, மற்றவை ஒவ்வொன்றும் தன் படிகக் கருவை, அதாவது படிகம் வளரத் தொடங்கும் முதல் புள்ளியை, தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே உருகுநிலைக்குப் பல டிகிரி கீழே இறங்கியும் மெழுகு திரவமாகவே நிற்கும்.

ஓடு வெறும் சுவராக இருந்துவிடுவதுமில்லை. அதன் உட்புறத்தை ஒட்டி மூலக்கூறுகள் ஓரடுக்காக முன்கூட்டியே ஒழுங்குபெற்று, சுழல்நிலை எனப்படும் இடைநிலைக்கு வழிவிடுவதுண்டு. நெரிசலான தாம்பரம் மின்ரயிலில் நிற்பவர் இடம் பெயராமல் உடம்பை மட்டும் திருப்பிக்கொள்வாரே, சங்கிலிகளும் அப்படித்தான்: வரிசையில் நின்றபடியே தம் அச்சில் சுழலும். திறந்த பாத்திரத்திலுள்ள ஆக்டாடெக்கேனில் கண்ணிமைப்பில் கடந்துபோகும் இந்நிலை, சிமிழுக்குள் அளந்தறியுமளவு தங்குகிறது. ஆக்டாடெக்கேனுடன் பத்தொன்பது கார்பன் சங்கிலியையும் கலந்தால், நீளம் பொருந்தாத முனைகள் இறுதிப் படிகம் அமைவதை மேலும் தள்ளிப்போடுகின்றன. குளிர்விக்கும்போது வெளிவரும் வெப்பமும், அளவீட்டு வரைபடத்தில் ஒரே முகடாக வராமல் இரண்டு மூன்றாகப் பிரிந்து வருகிறது.

நீண்ட சங்கிலி ஆல்கஹால் சிறிதளவு சேர்த்தால் கரு எளிதில் பிறக்கும். ஆனால் அந்த அளவுக்கு மெழுகின் பங்கு குறையும். சென்னையின் மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுவதால், ஆக்டாடெக்கேன் சிமிழைச் சுவர்ப்பூச்சில் கலந்தால் பகலில் உருகியது இரவில் உறையாது. நம் ஊருக்கு இன்னும் நீண்ட சங்கிலிகளின் கலவையையே, அது உறையும் வெப்பநிலையை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.