பத்துக்கு மேல் இடமில்லை

அவையோருக்கு வணக்கம்.

வியாபாரிகள் மனத்தில் இருப்பதை அப்படியே வெளியே சொல்வது அபூர்வம். அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் மைக் ஜெஃப்ரிஸ். அமெரிக்காவின் அபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் ஆடை நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். 2006இல் சலோன் என்ற இணைய இதழுக்குப் பேட்டி கொடுத்தார். ஒவ்வொரு பள்ளியிலும் எல்லோரும் சுற்றி வருகிற பிள்ளைகள் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் சேராத பிள்ளைகள் இன்னொரு கூட்டம். நாங்கள் குறிவைப்பது முதல் கூட்டத்தை என்றார். எங்கள் உடைக்குள் பலருக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது என்றார். ஆட்களை ஒதுக்குகிறோமா என்று தாமே கேட்டுக்கொண்டு, நிச்சயமாக ஒதுக்குகிறோம் என்று தாமே பதிலும் சொன்னார்.

அன்று இது பெரிய புயலைக் கிளப்பவில்லை. கடையில் கூட்டம் குறையவும் இல்லை.

இந்தக் கடையின் பூர்வீகம் விசித்திரமானது. 1892இல் நியூயார்க்கில் டேவிட் அபர்குரோம்பி தொடங்கியபோது அது காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்களுக்கான கடை. கூடாரம், தூண்டில், துப்பாக்கி எல்லாம் கிடைக்கும். தியடோர் ரூஸ்வெல்ட்டும் ஹெமிங்வேயும் அதன் வாடிக்கையாளர்கள். 1976இல் திவாலாகி, மறு ஆண்டு மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி 1988இல் ஒஹையோவைச் சேர்ந்த லிமிடெட் நிறுவனத்திடம் வந்தது. 1992இல் ஜெஃப்ரிஸ் பொறுப்பேற்றார். வேட்டைக்காரர்களின் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கல்லூரிப் பிள்ளைகளின் நெஞ்சில் மாட்டினார்.

அவர் அமைத்த கடையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சரக்கைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்து வழியில் போகிறவரை வா வா என்று அழைப்பதுதான் எந்த ஊர் ஜவுளிக்கடைக்கும் வழக்கம். இங்கே ஜன்னல்களை மரத்தட்டி போட்டு அடைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து தெரியாது. பெரிய கிளைகளின் வாசலில் கட்டுமஸ்தான இளைஞன் ஒருவன் வரவேற்க நிற்பான். துணி விற்கிற கடைதான், அவனுக்கு மட்டும் மேல்சட்டை கிடையாது. உள்ளே போனால் அரையிருட்டு, காதை அடைக்கிற இசை, ஃபியர்ஸ் என்ற அவர்களுடைய வாசனைத் திரவியத்தின் நெடி. மகளோடு வந்த தாய்க்கு ஐந்து நிமிடம் நிற்க முடியாது. தாய் வெளியே நிற்கட்டும் என்றுதான் அப்படி அமைத்தார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது அளவுக்கு வருவோம். அப்போது பெண்களுக்கான கால்சட்டை அமெரிக்க அளவில் 10ஆம் எண்ணோடு நின்றுவிடும். மேலாடையில் எக்ஸ்எல் கிடையாது. போட்டிக் கடையான எச் அண்டு எம்மில் அதே காலத்தில் 16 வரை கிடைத்தது. பெரிய அளவுக்குத் துணி அதிகம் பிடிக்கும், கட்டுப்படியாகாது என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. சரி, அதே கடையின் ஆண்கள் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் இரண்டும் இருக்கும்! ஆணுக்குக் கட்டுப்படியாகிற துணி பெண்ணுக்கு மட்டும் ஏன் கட்டுப்படியாகாமல் போகிறது? பருத்த தோளுள்ள ஃபுட்பால் வீரன் அமெரிக்கப் பள்ளியில் கதாநாயகன். பருத்த பெண்ணுக்கு அந்தக் கதையில் வேடமே இல்லை. பெரிய அளவில் லாபம் இல்லை என்பதும் நிற்காது. லேன் பிரயன்ட் என்ற கடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நியூயார்க்கில் பிறந்து, பருத்த உடல்வாகுள்ள பெண்களுக்குத் தைத்தே பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

திருப்பூரில் வேலை பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆர்டரோடு எந்த சைஸில் எத்தனை என்ற விகிதமும் சேர்ந்தே வந்துவிடும். கத்தரி துணியைத் தொடுவதற்கு முன்பே, யாருக்கு உடை உண்டு, யாருக்கு இல்லை என்பதை எங்கோ ஒரு மேசையில் தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே அளவுப் பட்டியலைத் தையல் விவகாரமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. அது விளம்பரத்தின் ஒரு பகுதி. சுவரொட்டியில் இருக்கிற பெண்ணைப் போலவே அந்தச் சட்டையைப் போட்ட ஒவ்வொரு பெண்ணும் தெருவில் தெரிய வேண்டும். அதற்கு மற்றவர்கள் போட முடியாமல் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பள்ளியில் எல்லோரும் சுற்றி வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு கை அளவு. அவர்களை மட்டும் நம்பி நூற்றுக்கணக்கான கிளைகள் நடக்குமா? கல்லாவை நிரப்பியது அந்தக் கூட்டத்தில் சேரத் துடித்த பிள்ளைகள். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், நெஞ்சில் பெயர் பொறித்த ஒரு டிசட்டை வாங்கினால் மதிய உணவு மேசையில் இடம் கிடைக்கும் என்று நம்பிய பிள்ளைகள். ஒதுக்கப்படுவோமோ என்ற பயத்துக்குத்தான் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

வேலைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே கைவரிசைதான். கறுப்பின, லத்தீன், ஆசிய அமெரிக்க இளைஞர்களைச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று 2003இல் வழக்கு வந்தது. மறு ஆண்டு 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். 2008இல் டல்சா நகரில், தலையில் முக்காடு அணிந்த 17 வயது முஸ்லிம் பெண் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். தேர்வு நடத்தியவர் தேறும்படியாகவே மதிப்பெண் போட்டார். மேலதிகாரி முக்காடு கடையின் தோற்ற விதிக்கு ஒத்துவராது என்றதும் தோற்றத்துக்கான மதிப்பெண் குறைந்தது, வேலை போயிற்று. உச்சநீதிமன்றம் வரை சென்ற வழக்கு அது. 2015இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவள் பக்கம் தீர்ப்பு வந்தது.

2013இல் அந்தப் பழைய பேட்டி மறுபடி கிளம்பியது. உணவுக் கோளாறு நோயிலிருந்து மீண்ட 18 வயது இளைஞர் ஒருவர் இணையத்தில் மனு தொடங்க, ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் குவிந்தன. ஜெஃப்ரிஸ் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். பெரிய அளவுகளும் விற்போம் என்று அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் அறிவித்தது. 2014 டிசம்பரில் அவர் பதவி விலகினார். மக்கள் கோபம் வென்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் விற்பனை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. மலிவுக் கடைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டுவிட்டன. நெஞ்சில் கம்பெனிப் பெயரைச் சுமக்கிற மோகமும் தீர்ந்துவிட்டது. கோபம் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

2017இல் ஃபிரான் ஹோரோவிட்ஸ் தலைவரானார். விளக்கு எரிந்தது, வாசனை குறைந்தது, அளவுகள் கூடின, இடுப்பும் தொடையும் பெருத்தவர்களுக்கென்றே தனி வெட்டில் ஜீன்ஸ் வந்தது. 2023 ஒரே ஆண்டில் நிறுவனத்தின் பங்கு விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது.

இதோடு கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இத்தாலியில் பிறந்த பிராண்டி மெல்வில் 2009இல் லாஸ் ஏஞ்சலஸில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் தன் முதல் அமெரிக்கக் கடையைத் திறந்தது. பெரும்பாலான உடைகளுக்கு அங்கே ஒரே அளவு, அதுவும் சின்ன அளவு. எல்லோருக்கும் பொருந்தும் என்று முதலில் போட்டார்கள். பிறகு பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றியது எழுத்தைத்தான், அளவை அல்ல. அதன் தலைவர் பேட்டி கொடுப்பது அரிது. இன்ஸ்டாகிராமில் ஒல்லியான பெண்களின் படங்களே அவர்களுக்குப் போதுமான விளம்பரமாக இருக்கிறது. இந்தக் கடையைப் பற்றி, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவிகளுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.