சிறிய பெயருக்குத் துணைவரும் நடுப்பெயர்

நேயர்களுக்கு என் வணக்கம்.

பெண் குழந்தைக்கு இரண்டே எழுத்தில் அழகான பெயரைத் தேர்ந்துவிட்ட பெற்றோர் பலர், நடுப்பெயரைத் தேடத் தொடங்கும்போது, முதற்பெயரில் ஏதோ குறைந்துவிட்டது போலவும், அந்தக் குறையை நீளமான இன்னொரு பெயரால் நிரப்பியாக வேண்டும் என்பது போலவும் கவலைப்படுகிறார்கள். நிலா, மீரா, உமா, தாரா, ரியா போன்றவை குறையுள்ள பெயர்கள் அல்ல. முழுப்பெயரைச் சொல்லும்போது நாவுக்கு நல்ல நடையை அமைத்துக் கொடுப்பதும், பிற்காலத்தில் அந்தப் பெண் விரும்பினால் தனியாகவே சூடிக்கொள்ளத் தக்க இன்னொரு பெயரை அவளுக்கென்று வைத்திருப்பதும்தான் நடுப்பெயரின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஓசையைப் பார்ப்போம். எழுத்துகளை எண்ணுவதால் மட்டும் ஓசை பிடிபடாது. நிலா, மீரா என்ற இரண்டுமே இரண்டெழுத்துப் பெயர்கள்தாம். ஆனால் செய்யுளை அலகிடுவதுபோல, அதாவது அசை அசையாகப் பிரிப்பதுபோல, பிரித்துப் பாருங்கள். மெய்யெழுத்தை எண்ணாமல் பார்த்தால், ஓரெழுத்தால் ஆனது நேரசை; குறிலில் தொடங்கி இரண்டெழுத்து இணைந்தது நிரையசை. குறிலும் நெடிலும் சேர்ந்த நிலா ஒரே நிரையசையாக நின்றுவிடுகிறது; இரண்டு நெடில்களால் ஆன மீராவோ, நேர் நேர் என்று பிரிந்து தேமா என்ற சீர் ஆகிறது. அதாவது, நிலா ஒரே வீச்சில் முடிந்துவிடும் பெயர்; மீரா இரண்டு இடத்தில் ஊன்றி நடக்கும் பெயர். இந்த வேறுபாட்டைக் காது உடனே உணரும். ஆகவே நிலாவுக்குப் பொருந்தும் நடுப்பெயர் மீராவுக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது.

கயல்விழி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கயல், விழி என இரண்டுமே நிரையசைகள். நிலா கயல்விழி என்று சொல்லிப் பார்த்தால், நிரை மூன்று முறை அடுத்தடுத்து வந்து, எங்கும் நிற்க இடமில்லாமல் பெயர் ஓடிவிடுகிறது. அதையே மீராவுக்குப் பின் வைத்து, மீரா கயல்விழி என்று சொன்னால், இரண்டு நேரசைகளில் நிதானமாகத் தொடங்கிய நாக்கு அதன்பின் விரைவு கொள்கிறது. தேமா போன்ற மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும் என்று வெண்பாவுக்கு வகுத்திருக்கிறார்களே, அந்தப் பொருத்தம் இங்கே தானாகவே அமைந்திருக்கிறது. நிலாவுக்கு நான் பரிந்துரைப்பது நேரசையில் தொடங்கும் பெயர். நிலா பூங்குழலி என்று சொல்லும்போது ‘பூங்’ என்ற இடத்தில் ஒலி சற்றே தங்கி, பிறகு மெல்ல இறங்கி முடிகிறது. மீரா தேன்மொழி என்பதும் தவறில்லை. ஆனால் நேரசை மூன்று தொடர்ந்து வருவதால் அதன் நடை சற்றுக் கனமாக இருக்கும். கனமான நடையை விரும்புகிறவர்கள் அதைத் தாராளமாகத் தேர்ந்துகொள்ளலாம்.

இரண்டு பெயர்களும் சந்திக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பெண் குழந்தைகளின் சிறிய பெயர்களில் பெரும்பாலானவை ஆகாரத்தில் முடிகின்றன. அதை அடுத்து உயிரெழுத்தில் தொடங்கும் பெயரை வைத்தால், மீரா அன்பரசி என்று எழுதியிருந்தாலும், விரைந்து சொல்கிற வாய் மீராவன்பரசி என்றே சேர்த்துச் சொல்லும். இடையில் தோன்றும் அந்த வகரம் இலக்கணப்படி சரியான உடம்படுமெய்தான்; இரண்டு உயிரொலிகளை இணைக்க இடையில் வரும் மெய் அது. எனினும் பெயர்கள் தனித்தனியே காதில் விழ வேண்டும் என்று நினைப்பவர்கள், மெய்யோசையில் தொடங்கும் பெயரைத் தேர்வது நல்லது.

முடிவெழுத்து ஒன்றாக அமைவதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தாரா கீதா, மீரா மாலா என்று யாரேனும் அழைத்தால், கேட்பவர் இரண்டு குழந்தைகளை அழைப்பதாகவே நினைப்பார். முதற்பெயர் ஆகாரத்தில் முடிந்தால், நடுப்பெயர் இகரத்திலோ ஐகாரத்திலோ மலர் என்பதைப் போன்ற மெய்யெழுத்திலோ முடியட்டும். முதலெழுத்து ஒன்றி வருவது வேறு. மீரா மேகலை என்ற பெயரில் மீயும் மேயும் மோனை இனமாக அமைந்து, அந்த இணைப்பு இயல்பாகவே இனிக்கிறது. ஆனால் மூன்றாவதாக வரும் குடும்பப் பெயரோ தந்தை பெயரோ அதே மகரத்தில் தொடங்கினால், இனிமை அளவை மீறிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தமான ஓர் உத்தியை இங்கே சொல்ல விரும்புகிறேன். ழகரம் உள்ள பெயரைக் குழந்தைக்கு வைக்க ஆசைப்பட்டும், பிறமொழியாளர் வாயில் நாள்தோறும் அது சிதைந்துபோகுமே என்று தயங்குகிற பெற்றோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுப்பெயர் பெரிய வாய்ப்பு. வெளியில் எல்லோரும் எளிதாக அழைக்க மீராவோ மாயாவோ முன்னே நிற்க, யாழினியும் பூங்குழலியும் கனிமொழியும் நடுவில் சிதையாமல் இருக்கும். முதற்பெயரின் எளிமை, நடுப்பெயருக்கு அந்த உரிமையைத் தருகிறது.

குடும்பத்து மூத்தவர்களை நினைவுகூரவும் அந்த நடு இடம் ஏற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் நடுப்பெயர் உடைய முதலாமவரான ஜான் குவின்சி ஆடம்ஸ், தம் தாய்வழிப் பூட்டனாரான ஜான் குவின்சியின் பெயரைத் தாங்கியவர். தந்தையின் குடும்பப் பெயரே இறுதியில் நிற்கும் முறையில், தாய்வழியின் பெயருக்கு நடுவில் இடம் கிடைத்தது. அதே நாட்டில் பின்னாளில் தலைவரான ஹாரி எஸ். ட்ரூமனின் நடுவில் நிற்கும் ‘எஸ்’ எந்தப் பெயரின் சுருக்கமும் அல்ல. ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், சாலமன் யங் என்ற இரண்டு பாட்டனார்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஓர் எழுத்தை மட்டும் வைத்தார்கள். இருவரையும் மகிழ்விக்க முயன்ற அந்தப் பெற்றோரின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒரு பெண் குழந்தைக்கு முழுப்பெயரையே கொடுங்கள். தனி எழுத்தை யாரும் வாய்நிறைய அழைக்க முடியாது.

அழைக்கத் தக்க பெயராக அது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1815ஆம் ஆண்டு பிறந்த, கணினி நிரலாக்க முன்னோடியாகப் போற்றப்படும் ஏடா லவ்லேசுக்கு இட்ட பெயர் அகஸ்டா ஏடா. 1882ஆம் ஆண்டு பிறந்த கணிதமேதை எம்மி நோய்தருக்கு இட்ட பெயர் அமலி எம்மி. இருவரையும் உலகம் அறிந்திருப்பது இரண்டாவது பெயரால்தான். உங்கள் மகளும் பதினெட்டு வயதிலோ முப்பது வயதிலோ நடுப்பெயரே தனக்குப் பிடித்தது என்று சொல்லக்கூடும். பாட்டியின் பெயர் என்பதற்காக மட்டும் அதை வைக்காமல், அந்தப் பெயரைத் தாங்கி ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் மகிழ்ச்சியோடு நடமாட முடியுமா என்று எண்ணிப் பார்த்து வையுங்கள்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுச்சீட்டின் கீழே இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்படும் வரிகளில், முழுப்பெயருக்கு 39 இடங்கள் மட்டுமே உண்டு. மீரா பூங்குழலி என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தும் பதினொன்றும் பதினாறு. இடைக்குறி ஒன்று, குடும்பப் பெயரைப் பிரிக்கும் குறி இரண்டு. எஞ்சிய 20 இடங்களில் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் அடங்கிவிடும். முதற்பெயர் சிறியதாக இருப்பதன் பயன் இங்கேயும் தெரிகிறது. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் சிறு கோடு இட்டு எழுதினாலும், அந்த வரியில் அது வெறும் இடைக்குறியாகவே மாறிவிடும் என்பதால், கோட்டை நம்பிப் பெயர்களைப் பிணைக்க வேண்டாம். மூன்று முதலெழுத்துகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ‘கெட்ட’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக, பி, ஏ, டி என்று அமைந்துவிட்டால் ஆங்கிலம் அறிந்த பள்ளித் தோழர்கள் அதை விடமாட்டார்கள்.

இறுதியாக இரண்டு பெயர்கள் கையில் எஞ்சி, எதை வைப்பது என்று தெரியாமல் இருந்தால், இரண்டு முழுப்பெயர்களையும் தாளில் எழுதி, முன்பு அவற்றைக் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்த இரண்டு ஒலிகளைச் சேர்த்து விழுங்குகிறார் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். தேர்ந்த பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் எந்த எழுத்துகள் பதிவாகின்றனவோ, அவையே பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் ஓர் எழுத்தும் மாறாமல் வரவேண்டும்.

நன்றி, வணக்கம்.